குளக்கரைக்கு வந்த தந்தை

ஆலய வழிபாட்டில் முதிர்ந்த பெரியோர் பலருடைய உள்ளத்தில் பக்தியோடு ஓர் அச்சமும் குடிகொண்டிருக்கிறது. உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தால் மனம் துணுக்குறுகிறது. ஏற்றிய விளக்கு காற்றில் அணைந்தால், என்ன கேடு வருமோ என்று நெஞ்சு பதைக்கிறது. என்றோ நேர்ந்துகொண்ட பிரார்த்தனை நின்றுபோயிருந்தால், மகனுக்கு வந்த நோயும் பேத்தியின் தள்ளிப்போகும் திருமணமும் அதற்கான தண்டனையாகவே தோன்றுகின்றன. ஆண்டவன் அடியாரின் பிழைகளை ஏட்டில் குறித்து வைத்துத் தண்டம் விதிக்கும் அதிகாரிதானா? சீகாழித் தலத்தின் வரலாறு இக்கேள்விக்கு இனிய விடை பகர்கிறது.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளிய நிகழ்ச்சி அது. மூன்று வயதுப் பாலகர் திருஞானசம்பந்தர், தம் தந்தையார் சிவபாதவிருதயரைப் பின்தொடர்ந்து ஆலயத் திருக்குளத்திற்கு வருகிறார். மகனைக் கரையில் இருத்திவிட்டுத் தந்தையார் நீரில் மூழ்கி நியமங்களைச் செய்கிறார். தந்தையைக் காணாத குழந்தை கலங்குகிறது. திருத்தோணிச் சிகரத்தை நோக்கி, அம்மையையும் அப்பனையும் அழைத்து அழுகிறது. பெருமான் உமையம்மையோடு விடைமீது எழுந்தருளுகிறார். அவர் திருவுளப்படி அம்மை தன் திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து, சிவஞானம் குழைத்து ஊட்டுகிறாள். சீகாழியில் சித்திரைத் திங்களில் நடைபெறும் திருமுலைப்பால் விழா இந்த அருட்செயலை நினைவூட்டுவதே.

குளித்துக் கரையேறிய சிவபாதவிருதயர், குழந்தையின் வாயில் பால் வழிவதைக் காண்கிறார். யாரோ அளித்த எச்சில் பாலை உண்டுவிட்டதே என்று அவர் சினந்து, ஒரு கோலை எடுத்து ஓங்குகிறார். அவர் கொடியவர் அல்லர். மகன்மீது உயிரையே வைத்தவர். ஆசாரம் குறைந்துவிடுமோ என்ற அச்சமே அவர் கையில் கோலைக் கொடுத்தது. அதே வேளையில் குழந்தையோ சிறிதும் அஞ்சவில்லை. பால் தந்தவரைச் சிறுவிரலால் சுட்டிக்காட்டிப் பாடத் தொடங்கியது. ஒரே குளக்கரையில் இரண்டு தந்தையர்! ஒருவர் எச்சில் என்று அஞ்சிக் கோல் ஓங்கினார். மற்றவர் பசி என்று இரங்கிப் பால் ஊட்டுவித்தார். உண்மை உணர்ந்தபின், கோல் ஓங்கிய அந்தத் தந்தையே மகனைத் தோளில் சுமந்து சென்றார் என்பது வரலாற்றின் மற்றோர் இனிமை.

ஆனால் இறைவன் அடியாரைத் துன்பத்திற்கு ஆளாக்குவதே இல்லையா என்ற ஐயம் எழலாம். சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் அதட்டுவதும் வளாரினால் அடிப்பதும் எண்ணிப் பார்த்தால் பரிவே என்றும், ஈசனின் சினமும் அத்தகையதே என்றும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்குகிறார். அடித்த கையே இரவில் குழந்தையின் தழும்பைத் தடவிக் கொடுப்பதைப் பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் அறிவர். எனவே துன்பம் வந்த நாளில் அப்பனைவிட்டு ஓடி ஒளிய வேண்டியதில்லை. அவன் திருமடியிலேயே சென்று அழலாம்.

சைவப் பெரியோர் இறைவனை அடையும் நெறிகளை நான்காக வகுத்தனர்: தொண்டனாய் நிற்பது தாசமார்க்கம், மகனாய் நிற்பது சற்புத்திரமார்க்கம், தோழனாய் நிற்பது சகமார்க்கம், ஞானத்தால் கூடுவது சன்மார்க்கம். இவற்றுள் மகன்மை நெறிக்குச் சம்பந்தப் பெருமானையே எடுத்துக்காட்டாகக் கூறுவது மரபு. பூசையும் புனைதலுமாகிய கிரியையை அவர்கள் இந்த மகன்மை நெறியிலேயே வைத்தார்கள். ஆகவே பூவும் நீரும் இட்டு வழிபடுவது தண்டனைக்கு அஞ்சிச் செலுத்தும் வரியன்று. தந்தைக்கு நல்ல பிள்ளை விரும்பிச் செய்யும் பணிவிடை. நேர்த்திக்கடன் என்ற சொல்லில் உள்ள கடனுக்கும் கடமை என்பதே பழந்தமிழ்ப் பொருள்.

தந்தை என்று உரிமை கொண்டாடுவதால் மரியாதை குறைந்துவிடுமோ என்றும் அஞ்ச வேண்டியதில்லை. பயபக்தி என்று முன்னோர் சொன்னார்கள். அன்புள்ள மகனுக்கும் ஒரு பயம் உண்டு. அடி விழுமே என்ற பயமன்று அது. அப்பா மனம் வருந்துவாரே என்ற பயம். அந்த உணர்வு பொய்யிலிருந்தும் பிறரை வருத்துவதிலிருந்தும் காக்கும். தேங்காய் அழுகியதற்காக இரவெல்லாம் உறங்காமல் தவிக்கச் செய்யாது.

நாற்பது ஆண்டுகள் பிரதோஷ விரதம் தவறாத மூதாட்டி ஒருவர், இன்று சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவராக இருக்கலாம். உண்ணாதிருக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருப்பார். ஒரு பிடி அன்னம் உண்டுவிட்டு, பாவம் சேர்ந்ததோ என்று அவர் கண்கலங்குவார். முதிர்ந்த தாய் வேளைக்கு உண்ண வேண்டுமென்று பெற்ற மகனே கெஞ்சும்போது, உலகுக்கெல்லாம் தந்தையானவன் அவள் பசித்திருக்கவில்லையே என்று முனிவானோ? முழங்கால் வலியால் படியேற இயலாமல் வீட்டிலேயே இருப்பவரும், ஆலயம் செல்லவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

ஏனெனில், சீகாழிக் குழந்தை சந்நிதிக்குள் சென்று முறையிடவில்லை. அர்ச்சனைத் தட்டோ மந்திரமோ அதனிடம் இல்லை. இருந்த இடத்திலிருந்தே சிகரத்தை நோக்கி அழைத்தது. அம்மையும் அப்பனும் குளக்கரைக்கே வந்தார்கள். அந்திப் பொழுதில் வீட்டு விளக்கின் முன் அமர்ந்து, ஆலயம் இருக்கும் திசை நோக்கி, அப்பா என்று அச்சமின்றி அழைக்கும் முதியவருக்கும் அந்த அருள் உண்டு.