கைகளை எண்ணாத சபை

சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை ஒன்பதரை மணிக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போயிருப்பார்கள். விடியற்காலையிலிருந்து கூட்டிப் பெருக்கிய அக்காக்கள் அப்போதுதான் டீ குடிக்க உட்காருவார்கள். பி.எஃப். கணக்கு, அடையாள அட்டை என்று மாதத்தில் சில நாள் அவர்களோடு எனக்கு வேலை இருக்கும். போன முறை ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா கேட்டார்: "ஏம்மா, எங்க எம்.எல்.ஏ. காதுகுத்துக்கு வர்றாரு, சாவுக்கு வர்றாரு, மாலை போடுறாரு. அங்க சட்டசபையில நமக்காகக் கைய தூக்குனாரான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது என்று அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்ற சத்தம் பெரிதா, 'இல்லை' என்ற சத்தம் பெரிதா என்று சபாநாயகர் கேட்டு முடிவை அறிவிப்பார். அந்தச் சத்தத்தில் உங்கள் உறுப்பினரின் குரல் இருந்ததா, அவர் அன்று உள்ளே இருந்தாரா என்பது வாக்குப் பதிவாக எங்கும் நிற்காது. தலை எண்ணிய நாட்கள் அபூர்வம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஆட்சி போகுமா நிற்குமா என்ற கேள்வி வந்தால் எண்ணுகிறார்கள். நம் கூலி, நம் நிலம், நம் தண்ணீர் என்றால் சத்தத்தோடு சரி.

நாடாளுமன்றத்தில் நிலைமை கொஞ்சம் மேல். அரசமைப்புத் திருத்தங்களுக்கு அங்கே வாக்குகளை எண்ணியே ஆக வேண்டும். உயர்சாதி ஏழைகளுக்குப் பத்து விழுக்காடு கொடுத்த 103-ஆவது திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் 323-க்கு 3 என்று நிறைவேறியது. சமூக நீதியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அந்த 323-க்குள் எத்தனை பேர் என்று தேடிப் பார்க்க வழி இருக்கிறது. எம்.எல்.ஏ. விஷயத்தில் அந்த வழியும் இல்லை.

சட்டமன்றத்தில் எதிர்ப்பு கண்ணுக்குத் தெரிவது வெளிநடப்பில்தான். 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழி செய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா வந்தது. ஆளும் கூட்டணியிலேயே இருந்த இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்து வெளியேறினார்கள். மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆனால் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்கள் வெளியே போட்ட சத்தமும், கூட்டணிக்குள் வந்த எதிர்ப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

இப்படி எதிர்ப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: சொந்தச் சின்னம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சியின் சார்பில் ஜெயித்தீர்களோ அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். திருமாவளவன் 2001-இல் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது மங்களூர் தொகுதியில், உதயசூரியன் சின்னத்தில். கூட்டணி கசந்ததும் 2004-இல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். இரவல் சின்னத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொந்தக் குரல் கிடையாது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். 2021-இல் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில்தான் நிற்போம் என்று பிடிவாதம் பிடித்து, ஆறு இடங்களில் நின்று நான்கில் ஜெயித்தார்கள். சீட்டு எண்ணிக்கை குறைகிறதே என்று அப்போது நம்மவர்களே முணுமுணுத்தார்கள். ஏப்ரல் 21 வெளிநடப்புக்கு அந்தப் பிடிவாதம்தான் அடித்தளம்.

சரி, சொந்தச் சின்னமும் இருக்கிறது, ஆளும் நம் ஆள், ஊருக்குள்ளும் வருகிறார். அது போதுமா?

கந்தர்வகோட்டையைப் பாருங்கள். தனித் தொகுதி, திருச்சி மக்களவைத் தொகுதிக்குள் வருவது. 2021-இல் அங்கே முதன்முறையாக ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் எம். சின்னதுரை. அந்தத் தொகுதியில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பர் 26 அன்று அங்கே குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் போனபோது, இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் சேர்ந்தே வெளிப்பட்டன. 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் பேசினார்கள், முதலமைச்சர் பதில் சொன்னார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை என்று செய்தி வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் சிறுத்தைகளும் அதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். இதற்கிடையில், 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணிப்பதாக அந்த மக்கள் அறிவித்திருந்தார்கள். வாக்குப் பதிவு பற்றிப் பேசுகிறோமே, நம் மக்களிடம் இருக்கிற வாக்குப் பதிவு அதுதான்.

சபையில் பேசினார்கள். கட்சி தெருவில் நின்றது. அதற்கு மேல் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு என்ன அதிகாரம்? எம்.ஏ. சமூகவியலில் பிரதிநிதித்துவம் பற்றி மாதக் கணக்கில் படித்தேன். இந்தக் கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது பாடப்புத்தகத்தில் அல்ல, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல். விதி 17 மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவைப் பற்றியது. ஆட்சியர் தலைவர். மாவட்டத்தின் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள். தனித் தொகுதி, பொதுத் தொகுதி என்ற பேதம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, மறுவாழ்வு என்ன ஆனது, வழக்கு எங்கே நிற்கிறது என்று அதிகாரிகளை எதிரில் வைத்துக் கேட்கிற இடம் அது. சட்டமன்றத்தில் கொறடா இருக்கிறார். இங்கே கொறடா கிடையாது. ஓர் உறுப்பினர் தன் வாயால் பேசலாம்.

இது முக்கியம். திருச்சி மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளில் துறையூர் ஒன்றுதான் தனித் தொகுதி. ஸ்ரீரங்கம், திருச்சி கிழக்கு, மேற்கு எல்லாம் பொதுத் தொகுதிகள். அங்கே ஜெயித்தவர்களுக்கும் நம்மைப் பற்றிப் பதில் சொல்லும் கடமையை இந்த விதி வைத்திருக்கிறது. "அது தனித் தொகுதிக்காரர் பார்க்க வேண்டியது" என்று யாரும் நழுவ முடியாது.

எங்கள் தெருவுக்கு எம்.எல்.ஏ. வந்தால் கார் காலனி முகப்பிலேயே நின்றுவிடும். வேட்டி நனையாமல் பேசிவிட்டுப் போவார்கள். இப்போது உள்ளே வந்து டீ குடிக்கிறார்கள், குழந்தையைத் தூக்குகிறார்கள். அந்த மாற்றத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதுவும் நாம் போராடி வாங்கியதுதான். ஆனால் நம் வீட்டு டீயைக் குடித்தவர் விழிக்கண் குழுவில் வாய் திறந்தாரா என்று தெரியாமல், அந்த டீக்கு மதிப்புப் போட முடியாது.

ஆகவே தோழர்களே, மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஐந்து ஆண்டுகளில் விழிக்கண் குழு கூடிய தேதிகளும் வருகைப் பதிவும் நடவடிக்கைக் குறிப்பும். இரண்டு, தொகுதி மேம்பாட்டு நிதி வேலைகளின் பட்டியல், தெருப் பெயரோடு. அதில் சேரிக்குப் போனது எவ்வளவு என்று நாமே கூட்டிக்கொள்ளலாம். மூன்று, 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக 2022-இல் எம்.எல்.ஏ.க்களிடம் கேட்ட பத்துக் கோரிக்கைகளின் பட்டியல். அந்தப் பத்தில் நம்முடையது ஒன்றாவது இருந்ததா என்று அது சொல்லும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் செலவு, முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

திருச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். கேள்வியைக் கேட்ட அக்காவே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் மாவட்டத்தில் யார் போடப் போகிறீர்கள்?

ஜெய் பீம்.