தாத்தா கணக்கு

பி.காம் படிக்கிறவன் என்பதால் வீட்டுச் செலவு நோட்டு என் கையில்தான். பாட்டி போனதிலிருந்து தாத்தாவின் பென்ஷனில் தினம் ஒரு குவார்ட்டர். "வயசான காலத்துல கொழுப்பு"ன்னு நானே திட்டியிருக்கேன்.

ஒருநாள் பணத்தைப் பூட்டி வைத்தேன். திருத்திட்டோம்னு பெருமை வேற! மூணாம் நாள் கை உதறல், இல்லாத ஆட்களோடு பேச்சு... ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாம்; மருந்தோடுதான் நிறுத்தணுமாம். வயசானா உடம்பில் நீர் குறையும், அதனால் அதே அளவு சரக்கு அதிகமா ஏறும். சோகத்துக்குக் குடிச்சா சோகமும் கூடும். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

நடுக்கத்துக்கு மருந்து, வைட்டமின் பி1 ஊசி. குடி நின்று சில வாரம் ஆகியும் மனச்சோர்வு தீராததால் அதற்குத் தனி மாத்திரை, கவுன்சிலிங்.

அங்கேதான் தாத்தா வாய் திறந்தார். "ராத்திரி அந்தக் காலிக் கட்டிலைப் பாக்க முடியலடா." ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதே இல்லை.

நடுவில் ஒருமுறை தவறினார். திட்டவில்லை, திரும்ப டாக்டரிடம் போனோம். வாராக்கடன்னு அவரை எழுதித் தள்ளியது என் தப்புக் கணக்கு.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தா, முதல்ல பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க. 2022ல் தொடங்கிய டெலி மானஸ் இலவச எண் 14416.