ஒரு பிரதிக்கு ஐந்து பேர்

கதாபாத்திர ஆட்டம் ஒன்றை எழுதி நானே வெளியிட்டிருக்கிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி "எவ்வளவு வித்துச்சு?" என்பதுதான். நாவல் எழுதுகிறவர்களிடம்கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் இதைக் கேட்பதில்லை. என் பதில் எப்போதும் நீண்டுவிடுகிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. விதிப்புத்தகம் நடத்துகிறவர் கையில் இருந்தால் போதும். மற்றவர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வணிகம் பிறந்தபோதே இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். கேரி கைகாக்ஸும் அவருடைய நண்பர் டான் கேயும் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அச்சுக்கு அது போதவில்லை. பிரையன் ப்ளூம் 2,000 டாலரோடு வந்து சேர்ந்தார். கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் 1974இல் வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி, விலை 10 டாலர். வீட்டில் உட்கார்ந்து கையாலேயே அடுக்கிய 1,000 பெட்டிகள் தீர ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. பத்து டாலர் அன்றைய மாணவர்களுக்குப் பெரிய தொகை. அதனால் விதிகள் ஜெராக்ஸ் பிரதிகளாகக் கைமாறின. கைகாக்ஸுக்கு அது பிடித்திருக்காது. ஆனால் இரண்டாவது ஆயிரம் முதல் ஆயிரத்தைவிட வேகமாகப் போனதில் அந்த ஜெராக்ஸ்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

என் ஆட்டம் விற்பது பெரும்பாலும் பி.டி.எஃப். ஆகத்தான். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில், வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் விலையில் 70 சதவீதம் நமக்கு, இல்லையென்றால் 65. இட்ச்.ஐஓ தளத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம், சும்மா விட்டுவைத்தால் 10 சதவீதம். முதலாவது தளத்தில் விற்பனையைப் பொறுத்து உலோகப் பட்டங்களும் தருகிறார்கள்: 50 பிரதிகளைத் தாண்டினால் செம்பு, 100 தாண்டினால் வெள்ளி, 500 தாண்டினால் தங்கம். ஐந்நூறு பிரதிக்கே தங்கம் என்றால் இந்தச் சந்தை எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். நண்பர்கள், நம்மைப் போலவே ஆட்டம் எழுதுகிறவர்கள், முன்பு நாம் யாருடைய ஆட்டத்தை வாங்கினோமோ அவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். மொய் மாதிரி, செய்தது திரும்பி வருகிறது. இரண்டாம் மாதம் விற்பனைக் கோடு படுத்துவிடும். அதற்கப்புறம் பெயர் தெரியாத யாரோ ஒருவர், எப்போதாவது. இந்த ஒற்றை விற்பனைகளைத்தான் நான் உண்மையான விற்பனை என்று எண்ணுகிறேன்.

மொத்தமாகப் போகிற பிரதிகளை நான் நம்புவதில்லை. 2020 ஜூனில் இனநீதிக்காக இட்ச்.ஐஓ நடத்திய தொகுப்பு விற்பனையில் ஐந்து டாலருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கிடைத்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். நல்ல காரியம், நிறையப் பணம் சேர்ந்தது. ஆனால் அந்தக் குவியலில் இருந்த ஒரு மெல்லிய விதிப்புத்தகத்தை எத்தனை பேர் திறந்திருப்பார்கள்?

அச்சுப் பிரதி தனி வியாபாரம். இந்தியாவில் அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதோடு பகடையும் சேர்த்துப் பெட்டியில் போட்டால் வரி வந்துவிடும். ஆகவே பகடை வாங்குபவர் பாடு. வெளிநாட்டு வாசகருக்கு அனுப்பும் செலவு சில சமயம் புத்தக விலையையே தாண்டும். அவர்களுக்கு, யாராவது கேட்டால் மட்டும் அச்சிடும் முறைதான் கட்டுப்படியாகிறது. இங்கே கையில் வைத்திருப்பது சின்னக் கட்டுதான்.

விற்பனைப் பக்கத்தைவிட நான் அதிகம் பார்ப்பது அஞ்சல் பெட்டியை. "மயங்கிக் கிடக்கிறவனுக்காக இன்னொருத்தன் பகடை உருட்டலாமா? நேத்து இதுல பெரிய சண்டை" என்று ஒருவர் எழுதியிருந்தார். புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தவருக்கு இந்தச் சந்தேகம் வராது. படித்து முடித்தவருக்குக்கூட வராது. நாலு பேரைக் கூட்டிவைத்து, பாதி ஆட்டத்தில் ஒருவன் விழுந்து, மற்றவன் எழுந்து நின்று வாதாடினால்தான் வரும். அந்தக் கடிதத்தில் ஒரு முழு மேசை தெரிந்தது. விதியில் அந்த இடத்தை நான் எழுதவே இல்லை என்பதும் தெரிந்தது. ஆட்டத்தை வாங்கிய எல்லோருக்கும் திருத்திய கோப்பை அனுப்பினேன்.

இன்னொரு வகைக் கடிதமும் வருகிறது: "எல்லாம் புரிந்தது, எதை நடத்துவது?" வேலைக்குப் போகிற ஆள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் வருவதற்குள் கதைக்களம், எதிரிகள், முடிச்சு எல்லாவற்றையும் தானே யோசிக்க வேண்டும் என்றால் புத்தகம் திரும்ப அலமாரிக்குத்தான் போகும். இரண்டாம் ஆண்டில் புது ஆட்டம் எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். நான் 16 பக்கத்தில் ஒரு சாகசக் கதைக்களம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே விதிப்புத்தகம் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் இதை வாங்குவார்கள், அவர்களிலும் ஒரு பங்கினர்தான். விலையை ஒரு தேநீர்ச் செலவுக்குள் வைக்கப்போகிறேன். வரைபடம் இன்னும் முடியவில்லை.