கேட்கும் குரலும் திருத்தும் கையும்



விளையாட்டுப் பயிற்சியையும் பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியையும் இணைத்துத் தொழில் நடத்தலாமா என்று நம் வாலிபர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. விசுவாசிக்கு இது தகுமா என்பதே அக்கேள்வியின் உட்பொருள். தகும் என்றே நான் சொல்வேன். ஆயினும் இவ்விரண்டில் எது வேர், எது கிளை என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.

ஒரு பயிற்சியாளர் விடியற்காலையில் 15 அல்லது 20 பிள்ளைகளைக் கவனிக்கலாம். அதற்குமேல் சேர்த்தால் பார்வை சிதறும். ஆகவே கட்டண வருமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. குரலுக்கோ அந்த எல்லை இல்லை. நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்குப் புறப்பட்ட லாரி ஓட்டுநர் இரவுப் பயணத்தில் அதைக் கேட்பார். தறிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் தகப்பன் கேட்பார். கேட்டவர் மறுவாரம் தம் மகளைக் களத்துக்கு அழைத்து வரலாம். தொடக்கத்தில் வலையொலி தானாகப் பணம் ஈட்டுவது அரிது. அது வாசல், களமே வீடு.

நம் சமவெளியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிய நாள்களிலேயே, அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் அவ்வூர் ஜெயப்பிரகாஷ். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் கால்வைத்தவுடனே நடராஜனின் பந்துவீச்சு முறைமீது ஐயம் எழுந்தது. அவர் பொறுமையோடு உழைத்து அதை மாற்றியமைத்தார். எந்த ஒலிப்பதிவும் அதைச் செய்திருக்க முடியாது. அருகில் நின்று பார்க்கும் கண் வேண்டும். 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே, ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியரானார். 2023-இல் சொந்த ஊரிலேயே மைதானம் ஒன்றை உருவாக்கித் திறந்தார்.

குரலின் வலிமைக்கு அஷ்வினைப் பாருங்கள். சென்னையில் ஜென்நெக்ஸ்ட் என்னும் பயிற்சி நிலையம் நடத்துகிறவர், 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது யூடியூபில் பேசத் தொடங்கி, ஆட்டத்தின் நுட்பங்களை எளிய தமிழில் விளக்கினார். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் அவர் கணக்கில் இருந்தன. அக்குரலுக்கு எடை தந்தது அந்த உழைப்பு. நம் ஊர்ப் பயிற்சியாளருக்கு அத்தனை விக்கெட்டுகள் இல்லை. அவரிடம் பயின்று ஒழுங்காக வளரும் பிள்ளைகளே அவர் சொல்லுக்கு எடை.

அப்போஸ்தலனாகிய பவுலும் இவ்வழியே நடந்தார். கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கி, கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்துக்கொண்டே போதித்தார். அந்நகருக்கு அருகே இஸ்த்மியப் போட்டிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்தன. பின்பு எபேசுவிலிருந்து அவர்களுக்கு எழுதியபோது, அவர்கள் கண்ணால் கண்ட ஓட்டத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக்கினார். நம் தமிழ் வேதாகமம் அக்குத்துச்சண்டையைச் சிலம்பம் என்றே சொல்வது எத்தனை பொருத்தம்! எதிராளி இன்றி வெறுங்காற்றில் கம்பு வீசுவது வீண் என்பதே அவர் கருத்து. தொலைவிலிருந்து வந்த அந்த நிருபம் கொரிந்தியரின் நெஞ்சைத் தொட்டதற்கு, முன்னே அவர்களோடு வாழ்ந்த ஒன்றரை ஆண்டும் ஒரு காரணம் அல்லவா? களமில்லாத வலையொலியும் காற்றை அடிக்கிற சிலம்பமே.

இத்தொழிலில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, விளம்பரம். விளையாட்டைப் பற்றிப் பேசும் குரலைச் சூதாட்டச் செயலிகள் நாடி வருகின்றன. 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்தது. 2025-இல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்தது. சட்டம் இருந்தும் அவை வேடம் மாற்றி வரக்கூடும். காலையில் பிள்ளைக்கு மட்டை பிடிக்கக் கற்பித்த வாய், மாலையில் அவன் தகப்பனைப் பந்தயத்துக்கு அழைக்கலாமா? ஒரு மாத வருமானமே அதனால் நின்றுபோனாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளின் கதை. ஒரு சிறுமி தோற்று அழுததைக் கேட்போர் விரும்புவர்; ஆனால் அந்தக் கண்ணீர் நம் சரக்கு அன்று. பெற்றோரிடம் இசைவு பெறாமல் எந்தப் பிள்ளையின் பெயரையும் குரலையும் வெளியிடாதீர்கள். இசைவு கிடைத்தாலும், அவள் வளர்ந்தபின் கேட்டு வெட்கப்படுவாளோ என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

பிறருக்குப் பிரசங்கித்த தானே தகுதியற்றவனாய்ப் போய்விடலாகாது என்று பவுல் அஞ்சினார். வாரந்தோறும் பேசுகிற எனக்கும் அந்த அச்சம் வேண்டும். ஒலிவாங்கியின் முன் அமரும் உங்களுக்கும் வேண்டும். இந்த வாரம் உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள்: என் குரலைக் கேட்காமல் என் கையை மட்டும் கண்ட ஒரு பிள்ளை, என்னைப் பற்றி என்ன சொல்லும்?

உங்கள் கைகளின் உழைப்பைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.