ஸ்பீடிங் டிக்கெட்டும் டாக்டர் சீட்டும்

அமெரிக்காவுல புள்ளைய டாக்டருக்குப் படிக்க வைக்கணும்னு கிளம்பியிருக்கிற நம்மாளுங்க யார்கிட்டயாவது பத்து நிமிஷம் பேசிப் பாருங்க. எம்கேட்ல எவ்வளவு வாங்கணும், ஜிபிஏ எதுக்குக் கீழ இறங்கக்கூடாது, ஆஸ்பத்திரியில எத்தனை மணி நேரம் வாலண்டியர் வேலை பார்க்கணும், எந்த புரொபசர்கிட்ட லெட்டர் வாங்கினா எடுபடும்னு மூச்சு விடாம சொல்லுவாங்க. ஒன்பதாம் கிளாஸ்லயே இதுக்கெல்லாம் எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். ஆனா அந்த ஷீட் எதுலயும் 'புள்ள கார் எப்படி ஓட்டுது'ன்னு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்ல.

இருக்கணும்ங்கறது என் கட்சி.

பயமுறுத்த வரலைங்க. முதல்லயே சொல்லிடறேன், சும்மா ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினதுக்காக யாருக்கும் மெடிக்கல் சீட் போயிடாது. 2023ல அமெரிக்காவுல எம்.டி. படிப்புக்கு விண்ணப்பிச்சவங்க 52,577 பேர், சேர்ந்தவங்க 22,981 பேர். கல்லூரிக்கு பழைய ஹோண்டா ஓட்டிட்டுப் போற இருபது வயசு பசங்கள்ல டிக்கெட் வாங்கினவங்களை எல்லாம் கழிச்சுக்கட்டினா கிளாஸ்ல பாதி பெஞ்ச் காலியாத்தான் கிடக்கும். சிக்கல் டிக்கெட்ல இல்ல. ஆம் / இல்லைன்னு பதில் கேக்குற ஒரே ஒரு கேள்வியில இருக்கு.

எம்.டி. கல்லூரிகள்ல பெரும்பாலானதுக்கு ஆம்காஸ்னு ஒரு பொது விண்ணப்பம். அதுல ஃபெலனி, அதாவது பெரிய குற்றத்துக்கு ஒரு கேள்வி. மிஸ்டிமீனர், அதாவது சின்ன குற்றத்துக்கு இன்னொரு கேள்வி. தண்டனை பெற்றதுண்டா, குற்றத்தை ஒப்புக்கிட்டதுண்டா, மறுக்காம விட்டதுண்டானு மூணையும் சேர்த்தே கேப்பாங்க. சிறார் கோர்ட்ல முடிஞ்சது, கோர்ட்டே அழிச்சுட்டது, இதெல்லாம் சொல்ல வேண்டியதில்ல. ஸ்பீடிங் டிக்கெட் உண்டானு அதுல கேள்வி இல்ல. அப்ப நமக்கென்னன்னு நிம்மதியா 'இல்லை'ன்னு தட்டிட்டுப் போறவங்கதான் அதிகம்.

நம்ம புத்தி அப்படி நினைக்கிறதுலயும் தப்பில்ல. நாம வந்த ஊர்ல மருத்துவ சீட்டுங்கறது மார்க், கம்யூனிட்டி சர்டிபிகேட், ரேங்க் லிஸ்ட், கவுன்சிலிங். ஹெல்மெட் போடாம மாட்டினியானு எந்த அப்ளிகேஷன்லயும் கேக்க மாட்டாங்க. ஃபைன் கட்டினா விஷயம் முடிஞ்சுது, ரசீதைக் கிழிச்சுப் போட்டுடலாம். அதே பழக்கத்தை இங்கயும் தூக்கிட்டு வந்துட்டோம். இங்க டிக்கெட்டுக்குப் பணம் கட்டுறதுன்னா பெரும்பாலும் 'ஆமா, நான்தான் பண்ணேன்'னு எழுதிக் கொடுக்கிறதுக்குச் சமம். ஆன்லைன்ல கிரெடிட் கார்டு நம்பர் போடுறப்ப அது யாருக்கும் உறைக்கிறதில்ல.

சரி, அந்த டிக்கெட் மிஸ்டிமீனரா இல்லையானு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கதான் கூத்து. அது எவ்வளவு வேகமா போனீங்கங்கறதைவிட எந்த மாநிலத்துல மாட்டினீங்கங்கறதைப் பொறுத்தது.

கலிஃபோர்னியாவுல சாதாரண ஸ்பீடிங் வெறும் இன்ஃப்ராக்‌ஷன், விதிமீறல், அவ்வளவுதான். அதே வேகத்துல ஜார்ஜியாவுல போனா சட்டப்படி மிஸ்டிமீனர். டெக்ஸாஸ்லயும் மிஸ்டிமீனர்தான், கிளாஸ் சி. ஜெயில் எல்லாம் கிடையாது, ஃபைனோட சரி, ஆனா பேரு மிஸ்டிமீனர். நம்ம மக்கள் டல்லாஸ் பக்கம் கொத்துக் கொத்தா இருக்காங்களே, எத்தனை பேருக்கு இது தெரியும்னு கேட்டுப் பாருங்க. டெக்ஸாஸ்ல ஒரு நல்ல விஷயம், டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ் படிச்சு முடிச்சா கோர்ட்ல கேஸைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகை. லிமிட்டைத் தாண்டி 25 மைல் போயிருந்தாலோ, 95 மைல் வேகத்தைத் தொட்டிருந்தாலோ அதுவும் கிடையாது. சனிக்கிழமை ஆறு மணி நேரம் யாரு உட்கார்றதுன்னு ஃபைனையே கட்டிட்டுப் போற அப்பாக்களும் உண்டு. காசு கொஞ்சம்தான் வித்தியாசம். ஒண்ணுல கேஸ் தள்ளுபடி, இன்னொண்ணுல குற்றத்தை ஒப்புக்கிட்டதா ரெக்கார்டு.

எல்லாத்துக்கும் மேல வர்ஜீனியா இருக்கு. (ரேடார் டிடெக்டர் கூட வச்சிருக்கக்கூடாதுன்னு சட்டம் போட்ட மகராசன்க.) லிமிட்டுக்கு மேல 20 மைல் போனாலே அங்க 'ரெக்லெஸ் டிரைவிங்'. அதுபோக ரோட்டோட லிமிட் எதுவா இருந்தாலும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலே ரெக்லெஸ். அந்தக் கோடு முன்னாடி 80ல இருந்துச்சு. 2020 ஜூலை 1லேர்ந்து 85. ரெக்லெஸ்னா கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதிகபட்சம் 12 மாசம் ஜெயில், 2,500 டாலர் ஃபைன். 70 மைல் லிமிட் இருக்கிற இன்டர்ஸ்டேட்ல முன்னாடி 81ல போனவன் கிரிமினல். நியூஜெர்சியில முதல் தடவை குடிச்சுட்டு ஓட்டி மாட்டினா அது கிரிமினல் குற்றமே இல்ல, டிராஃபிக் விதிமீறல்தான்! லைசென்ஸ் விஷயத்துல தண்டனை கடுமைதான், ஆனா பேரு 'குற்றம்' இல்ல. எது ஆபத்து, எது குற்றம்னு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு தராசு வச்சிருக்கு.

இவ்வளவு நான் தெரிஞ்சுக்கிட்டது என் நண்பன் ஒருத்தனோட பொண்ணால. நான் வக்கீலும் இல்ல, டாக்டரும் இல்ல, பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்.

நண்பன் வர்ஜீனியாவுல இருக்கான். காலேஜ்ல எனக்கு ரூம்மேட். பொண்ணு 2018ல காலேஜ் முதல் வருஷம். லீவு முடிஞ்சு இன்டர்ஸ்டேட் 81ல திரும்பிப் போறப்ப போலீஸ் நிறுத்தியிருக்கார். 70 லிமிட்ல 83. அன்னிக்கு இருந்த சட்டப்படி ரெக்லெஸ் டிரைவிங். "பதிமூணு மைல் தாண்டே, இதுக்கெல்லாம் வக்கீலா"ன்னு நண்பன் விட்டுட்டான். ரெக்லெஸ்னா ஆன்லைன்ல பணம் கட்ட முடியாது, நேர்ல போய் நிக்கணும். பொண்ணு போய் நின்னா, ஆமான்னா, ஃபைன் கட்டினா, அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டா. வீட்ல அதுக்கப்புறம் நடந்த சண்டையெல்லாம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறினதைப் பத்தித்தான்.

அந்த அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி என்னென்ன செஞ்சிருக்கலாம்னு பின்னாடி ஒரு வக்கீல் சொல்லியிருக்கார். டிரைவிங் கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட்டோட போயிருக்கலாம். ஸ்பீடாமீட்டர் சரியா காட்டுதானு செக் பண்ணி பேப்பர் வாங்கிட்டுப் போயிருக்கலாம். தப்பு அவ்வளவு பெரிசில்லன்னு ஜட்ஜுக்குத் தோணினா ரெக்லெஸை 'இம்ப்ராப்பர் டிரைவிங்'னு குறைக்க சட்டத்துலயே இடமிருக்கு. அது இன்ஃப்ராக்‌ஷன், குற்றம் இல்ல. டிக்கெட் அதேதான், மூணு வருஷம் கழிச்சு ஒரு கேள்விக்கு நேர்மையா 'இல்லை'ன்னு சொல்லியிருக்கலாம்.

2021 மே மாசம் ஒரு ராத்திரி ஃபோன். "மாப்ள, இந்த மிஸ்டிமீனர் கேள்விக்கு நோன்னு போட்டா என்னடா ஆகும்? டிராஃபிக் மேட்டர்தானே. அதுவும் இப்ப சட்டத்தையே மாத்திட்டானுங்க, 85 ஆக்கிட்டானுங்க."

அவன் சொன்னது உண்மைதான். அதே பொண்ணு அதே ரோட்ல அதே 83ல ரெண்டு வருஷம் கழிச்சுப் போயிருந்தா சாதாரண ஸ்பீடிங். ஆனா மாறின சட்டம் பின்னோக்கிப் போய் பழைய தீர்ப்பைத் துடைக்காது. அநியாயமா தெரியுதா? எனக்கும் தெரிஞ்சுது. "போட்டுப் பாருடா"ன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள பொண்ணு ஃபோனை வாங்கிட்டா.

"அங்கிள், அப்பா சொல்ற மாதிரி நான் நோன்னு போட்டு, சீட்டும் கிடைச்சிருச்சுன்னு வைங்க. அதுக்கப்புறம் நாலு வருஷம், அப்புறம் ரெசிடென்சி, அப்புறம் லைசென்ஸ், ஒவ்வொரு ஃபாரம் வரும்போதும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கணும். என்னால முடியாது அங்கிள்."

இருபத்தோரு வயசுப் பொண்ணு. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

அவ சொன்னதுல விவரமும் இருந்துச்சு. சீட் கிடைச்சதும் பல காலேஜ் கிரிமினல் பேக்ரவுண்ட் செக் பண்ணும். ரிப்போர்ட் முதல்ல விண்ணப்பிச்சவங்க கைக்குத்தான் வரும், தப்பிருந்தா மறுக்கலாம், அப்புறம் காலேஜுக்குப் போகும். கிளாஸ் 1 மிஸ்டிமீனர் அதுல வர்றதுக்கு எல்லா வாய்ப்பும் உண்டு. விண்ணப்பத்துல 'இல்லை', ரிப்போர்ட்ல 'ஆமா'ன்னு வந்தா அங்க கேள்வி 83 மைலைப் பத்தி இருக்காது. கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிக்க அந்த ஒரு 'இல்லை' போதும். நாளைக்கு மருந்தைத் தப்பா கொடுத்துட்டு அதைச் சொல்லாம மறைக்கிற ஆளா இவன்னு அவங்க யோசிக்கத்தான் செய்வாங்க. நான் நோயாளியா படுத்திருந்தா நானும் அதைத்தான் யோசிப்பேன்.

அப்புறம் விளக்கம் எழுதணுமே, அதுக்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. நண்பன் ஒரு டிராஃப்ட் எழுதி எனக்கு அனுப்பினான். இறக்கமான ரோடு, முன்னாடி போன வண்டிகளும் அதே வேகம், அவங்களை விட்டுட்டு இவளை மட்டும் பிடிச்சது, சட்டம் மாறினது... சிலப்பதிகாரத்துல கண்ணகி வழக்குரைச்ச மாதிரி இருந்துச்சு :-) பொண்ணு அத்தனையும் அடிச்சுட்டு நாலு வரி எழுதினா. தேதி, ரோடு, லிமிட், வேகம். என்ன குற்றச்சாட்டு, என்ன ஃபைன். அதுக்கப்புறம் டிரைவிங் கோர்ஸ் படிச்சேன், வேற டிக்கெட் எதுவும் இல்லை. முடிஞ்சுது. கோர்ட் பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதினதால ஒரு எழுத்து முன்னப்பின்ன இல்ல.

ஒரு இன்டர்வியூல மட்டும் அதைப் பத்திக் கேட்டிருக்காங்க. கேட்டவர் வேற மாநிலத்துக்காரர். 83ல போனா ரெக்லெஸாங்கறதே அவருக்குப் புதுசாம். ரெண்டு நிமிஷம் அந்தப் பேச்சு, அப்புறம் அவ ஆஸ்பத்திரி வேலையைப் பத்திப் போயிடுச்சு. 2022ல ஒரு காலேஜ்ல சேர்ந்தா. பதினெட்டு காலேஜுக்குப் போட்டு ஒண்ணுல கிடைச்சுது. மீதி பதினேழும் அந்த டிக்கெட்டாலதான் போச்சுன்னு நண்பன் இன்னிக்கும் சாதிக்கிறான். எல்லாருக்குமே ஒண்ணு கிடைக்கிறதே பெரிய பாடா இருக்கேடான்னா கேக்க மாட்டேங்குறான்.

குடிச்சுட்டு ஓட்டுறது மட்டும் இந்தக் கணக்குல சேராது. அது வேற ஜாதி. நியூஜெர்சியில அதுக்கு என்ன பேரு வச்சிருந்தாலும் சரி, படிக்கிற கமிட்டி அதை டிராஃபிக் விஷயமா பார்க்காது. இவனுக்குக் குடிப்பழக்கம் உண்டா, நாளைக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு எப்படி வருவான்னுதான் பார்க்கும். ரெசிடென்சி விண்ணப்பத்துலயும் தண்டனை பத்தின கேள்வி திரும்ப வரும். லைசென்ஸ் கொடுக்கிற மெடிக்கல் போர்டுகளும் விடாது. புள்ளைங்க கிட்ட இதை ஒளிச்சு மறைச்சு பேசுற நம்ம வீடுகள்ல, பார்ட்டிக்குப் போனா டாக்ஸி எடுத்துட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குக் கூட அம்மாக்களுக்குக் கூச்சமா இருக்கு. சொல்லிடுங்க.

இன்னும் ஒண்ணு ரெண்டு விஷயம். ஆம்காஸ் கேள்வி ஒரு மாதிரி, ஒவ்வொரு காலேஜும் அப்புறம் அனுப்புற செகண்டரி ஃபாரத்துக் கேள்வி வேற மாதிரி இருக்கலாம். ஒண்ணுல டிராஃபிக் வேண்டாம்னு போட்டிருக்கும், இன்னொண்ணுல கைதானதைக் கூடக் கேட்டிருக்கும். அங்க 'இல்லை'ன்னு போட்டோமே, இங்கயும் அதையே போடுவோம்னு தட்டக்கூடாது, ஒவ்வொண்ணையும் முழுசா படிக்கணும். பார்க்கிங் டிக்கெட்டை எல்லாம் கொண்டுபோய் குற்றப் பட்டியல்ல எழுதுற அதிஜாக்கிரதையும் வேண்டாம். கோர்ட் தேதியை மட்டும் மறந்துடக்கூடாது. பல மாநிலத்துல மூல டிக்கெட் ஒண்ணுமில்லாததா இருந்தாலும் கோர்ட்டுக்கு வராததே தனிக் குற்றம், வாரண்ட் வரைக்கும் போகும். விண்ணப்பம் அனுப்பின பிறகு, சேர்றதுக்கு முன்னாடி, ஏதாவது மாட்டித் தண்டனை ஆனா, 10 வேலை நாளுக்குள்ள காலேஜுகளுக்குத் தெரிவிக்கணும்னும் ஆம்காஸ் விதி இருக்கு. சீட் கிடைச்ச சந்தோஷத்துல காரை விரட்டுற பசங்களுக்கு இது தெரிஞ்சிருக்க நியாயமில்ல.

கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கற பேப்பரை, டிஸ்போசிஷன்னு சொல்றாங்க, அன்னிக்கே கோர்ட்ல கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழ் வச்சிருக்கிற ஃபைல்லயே போட்டு வைங்க. அப்புறமா தேடினா கிடைக்கும்தான். ஆனா கோர்ட் கிளர்க் ஆபீஸும் உங்க ஆபீஸ் நேரத்துலதான் திறந்திருக்கும். நண்பன் அதுக்கு ஒரு நாள் லீவு போட்டு மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போனான். வழியெல்லாம் 65லயே போனானாம்.