பாவமும் துயரமும் ஒன்றா?

விபூதிப் புதனன்று நாம் பூசிக்கொள்ளும் சாம்பல், முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. அன்றுதான் தவக்காலம் ஆரம்பமாகிறது. இறைச்சி உணவைத் தவிர்க்கிறோம். சிலுவைப்பாதை செய்கிறோம். பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நிற்கிறோம்.

மன்னார்ப் பகுதியில் சமூகப் பணி செய்யும் நான், இந்நாட்களில் பெண்களிடம் ஒரு வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். "எல்லாம் நான் செய்த பாவம்தான் பிள்ளை." போரில் கணவரை இழந்தவர், காணாமற்போன மகனைத் தேடுபவர், காலை இழந்தவர், எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இப்படிச் சொல்வதே தாழ்ச்சி என்றும் சிலர் எண்ணுகிறார்கள்.

பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் வழக்கம் பற்றிச் சமூகவியலில் படித்திருக்கிறேன். ஆனால் நற்செய்தியிலேயே இதற்கு விடை உண்டு. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவரது பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவருமல்ல என்கிறார் இயேசு. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்பது திருச்சபையின் போதனை. வீட்டின்மேல் விழுந்த ஷெல்லுக்கு எந்தப் பெண் சம்மதம் கொடுத்தாள்?

அப்படியானால் எதற்காக மனந்திரும்புவது? நாமே அறிந்து செய்தவற்றிற்காக. எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகன் இறந்ததற்கு மருமகள் வந்த நேரமே காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார். நல்ல காரியங்களில் அவளை முன்னே வரவிடுவதில்லை. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நேரே அவளிடம் போனார். "என்ர துக்கத்தை உன்ர தலையில போட்டிட்டன். என்னை மன்னிச்சிடு பிள்ளை" என்றார். அதோடு நிற்கவில்லை. இளைய மகனின் திருமணத்தில், உறவினர் பார்க்க, கூறைத்தட்டை அவள் கையில் கொடுத்து முன்னே நடக்கச் செய்தார்.

பிறருடைய நற்பெயரைக் கெடுத்தவர் இயன்றவரை அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மறைக்கல்வி கூறுகிறது. ஊரறியச் செய்ததை அந்தத் தாய் ஊரறியவே திருத்தினார்.

2015 ஜனவரி 14இல் மடுத் திருத்தலத்திற்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், நாம் பங்குகொண்ட தீமையைச் சிலுவையின் ஒளியில் உணரும்போதே உண்மையான மனந்திரும்புதல் வரும் என்ற கருத்தைச் சொன்னார். எத்தரப்பினராயினும், தீமை செய்தவர் மனந்திரும்பவேண்டும். அவர்களால் இழந்தவர்கள் அவர்களுக்குப் பதிலாக நெஞ்சில் தட்டிக்கொள்ள முடியாது.

தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்றார் அவிலா நகர் புனித தெரேசா. செய்த குற்றத்தை மறைப்பது உண்மையல்ல. செய்யாத குற்றத்தைச் சுமப்பதும் உண்மையல்ல.

ஆகவே சகோதரிகளே, இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது, இது நான் செய்ததா, எனக்கு நேர்ந்ததா என்று கேளுங்கள். செய்ததென்றால் மன்னிப்புக் கேட்டு, இயன்றதைத் திருத்துங்கள். நேர்ந்ததென்றால் ஆண்டவரிடம் அழுங்கள்; நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பாவம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.