போடாத கணக்கு

அம்மாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து ஐயாயிரம் வெள்ளியை எடுத்து, பிட்காயின் தோண்டும் இயந்திரம் வாங்கினேன். அது என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தவனைப் போலத்தான் அவரிடம் பேசினேன். பணம் போனதை மட்டும் சொல்ல நான் இதை எழுதவில்லை. போகிறது என்று தெரிந்த பிறகு நான் செய்தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் பள்ளி வேன் ஓட்டுபவன். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் ஊரைச் சொல்வார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின, வேன் வாசலில் நின்றது. செம்பனைத் தோட்ட வேலை மட்டும் நிற்கவில்லை. அம்மா குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிய சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அந்த நாட்களில் அரசாங்கம் சேமநிதியைத் திறந்துவிட்டது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் சிறப்பு மீட்பு. நான்கிலும் சேர்த்து 8.1 மில்லியன் பேர் 145 பில்லியன் வெள்ளியை எடுத்தார்கள். பெரும்பாலோர் சோற்றுக்கும் வாடகைக்கும் எடுத்திருப்பார்கள். ஐ-சித்ராவில் மாதம் ஆயிரம் வீதம் ஐந்து மாதம் கிடைத்தது. அம்மாவின் கைப்பேசியில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவன் நான்தான். "வியாபாரம்மா, மாசாமாசம் காசு வரும்" என்றேன். "நெசமா வருமாய்யா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "வரும்மா" என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. கைப்பேசியில் வந்த சில படங்கள் மட்டுமே இருந்தன.

பழைய இயந்திரங்களை விற்ற ஒருவர் அனுப்பிய படங்கள் அவை. ஓர் இயந்திரம் ஒரு நாளில் எவ்வளவு சம்பாதித்தது என்று காட்டும் திரையின் படங்கள். அவை 2021 ஜூலை மாதத்துப் படங்கள். படத்தில் தேதி இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தத் தேதியின் பொருள் எனக்கு அப்போது புரிந்திருக்காது. அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் சீனா பிட்காயின் தோண்டுவதை ஒடுக்கியது. உலகத்தின் இயந்திரங்களில் ஏறக்குறைய பாதி ஒரே நேரத்தில் நின்றுபோனது. இயந்திரங்கள் குறைந்ததால், ஜூலை 3ஆம் தேதி அவை போட வேண்டிய பிட்காயின் கணக்கின் கடினம் சுமார் 28 விழுக்காடு இறங்கியது. அதன் சரித்திரத்திலேயே அதுதான் பெரிய இறக்கம். ஓடிக்கொண்டிருந்த மிச்ச இயந்திரங்களுக்கு அந்தச் சில வாரங்கள் அறுவடைக் காலம். அந்த வருமானம் எல்லா மாதமும் வரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சீனாவில் நின்ற இயந்திரங்கள் அமெரிக்காவிலும் கஸகஸ்தானிலும் மறுபடி ஓடத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் பழைய நிலை திரும்பிவிட்டது. நவம்பரில், தீபாவளிச் சமயத்தில், இயந்திரங்களுக்கு நான் முன்பணம் கொடுத்தேன். அதே நவம்பரில்தான் ஒரு பிட்காயின் 69,000 அமெரிக்க டாலர் வரை போய் உச்சத்தைத் தொட்டது. டிசம்பரில் அம்மாவின் கடைசித் தவணையும் வந்து, இரண்டு இயந்திரங்கள் வீட்டுக்கு வந்தன. ஆன்ட்மைனர் எஸ்9, 2016இல் வெளிவந்த மாடல்.

இயந்திரம் உள்ளே காசைச் சேர்த்து வைக்கும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். வைஃபையில் ஓடும் என்று நினைத்தேன்; ரூட்டரிலிருந்து கம்பி இழுக்க வேண்டியிருந்தது. பிட்காயின் வந்து சேரும் பணப்பையின் ரகசியச் சொற்கள் பன்னிரண்டையும் படம் பிடித்து, "இது சரியா?" என்று விற்றவருக்கே அனுப்பினேன். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கிறதோ அவரே பணத்துக்கு உரியவர் என்பது அதற்குப் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பிட்காயின் தோண்டுவது என்பது எண்களை ஊகிக்கும் வேலை. பரிமாற்றங்களின் தொகுப்போடு ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் இட்டால் ஒரு விடை வரும். அந்த விடை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மறுபடி முயல வேண்டும். என் இயந்திரம் ஒரு நொடிக்கு 13 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட தடவை இப்படி முயலும். சரியான எண்ணை உலகத்தில் யாராவது ஒருவர் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்டுபிடிப்பார். அப்போது அதற்குப் பரிசு 6.25 பிட்காயின், 2024 ஏப்ரலுக்குப் பிறகு 3.125 மட்டும். இயந்திரங்கள் பெருகினால், 2,016 தொகுப்புகளுக்கு ஒரு முறை கணக்கு கடினமாகி அதே பத்து நிமிடத்துக்கு வந்துவிடும். மனிதர் யாரும் அதைச் செய்வதில்லை, விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. பந்தியில் ஆள் எவ்வளவு கூடினாலும் வடித்த சோறு அதே அளவுதான். என் இரண்டு இயந்திரங்களும் தனியாக ஓடியிருந்தால், அன்றைய நிலையில் ஒரு பரிசைக் காண சராசரியாக நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் எல்லாரும் ஒரு கூட்டில் சேர்ந்து, உழைப்பின் அளவுக்குப் பங்கு வாங்குகிறார்கள். நானும் ஒரு கூட்டில் சேர்ந்தேன். பங்கு தினமும் வந்தது. அது வருவதைப் பார்த்தபோது நான் ஜெயித்துவிட்டேன் என்று நம்பினேன்.

பிறகு மின்சார ரசீது வந்தது.

ஓர் எஸ்9 சுமார் 1,350 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் மாதம் 970 யூனிட். இரண்டுக்கும் 1,940. நம் வீட்டுக் கட்டணம் அப்போது படிப்படியாக ஏறும்: முதல் 200 யூனிட் 21.8 காசு, 300 வரை 33.4 காசு, 600 வரை 51.6, 900 வரை 54.6, அதற்கு மேல் 57.1 காசு. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக அறுபது வெள்ளி வரும். அந்த மாதம் ஆயிரத்து நூறு வெள்ளியைத் தாண்டியது. இயந்திரங்கள் சம்பாதித்ததோ எழுநூறு வெள்ளிச் சொச்சம். ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐயாயிரம் வெள்ளியைக் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. வாட் எவ்வளவு என்று விற்றவரிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்டால் என் அறியாமை வெளியில் தெரிந்துவிடும் என்ற வெட்கம். ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த எவரும் தப்பித்திருக்கக்கூடிய நட்டத்தில் நான் விழுந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

அன்றைக்கே இரண்டையும் நிறுத்தியிருந்தால் அது வெறும் முட்டாள்தனத்தோடு முடிந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. அம்மாவிடம், "ஆரம்பத்துல அப்படித்தாம்மா, விலை ஏறினா எல்லாம் திரும்பிரும்" என்றேன். ரசீதைக் கட்டியது அம்மாவின் சம்பளம். பின்கட்டு அறையில் விசிறிகளின் இரைச்சல் ராத்திரி முழுக்கக் கேட்கும். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூட்டில், காலையில் இருட்டோடு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர் புரண்டு புரண்டு படுத்திருந்தார். "சத்தமா இருக்கே" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

பெரியப்பா ஒரு நாள் வந்து பார்த்தார். இளம் வயதில் அவர் ஈயம் வாரும் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் இரண்டு பொருள்களின் விலையை நம்பி வாழ்ந்த ஊர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில், ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. இன்னொரு பக்கம் ஈயம். 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நிறுத்தப்பட்டு விலை சரிந்தது. கப்பல்களும் ஒவ்வொன்றாக நின்றன. தோண்டிய இடங்கள் இன்றும் குட்டைகளாகக் கிடக்கின்றன. பெரியப்பா இயந்திரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெல விழுந்தா தொரைமாருங்க கப்பல நிறுத்திருவாங்கடா. நீ நிறுத்துவியா?" இது வேற மாதிரி பெரியப்பா, உங்களுக்குப் புரியாது என்றேன். அவருக்குப் புரிந்த அளவுக்கு அன்று எனக்குப் புரிந்திருக்கவில்லை. 2022 ஜூனில் பிட்காயின் 20,000 டாலருக்கு வந்தது. என் இரண்டு இயந்திரங்களின் மாத வருமானம் முந்நூறு வெள்ளிக்கு இறங்கியது. ரசீது மட்டும் இறங்கவில்லை.

இனி சொல்வதை எழுதக் கை கூசுகிறது.

நட்டம் தெரிந்த பிறகுதான் நான் மூன்று பேருக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்தேன். ஈஜோக் பக்கம் ஒருவர், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒருவர், மூன்றாமவர் அம்மா வேலை செய்யும் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாருமே என்னை "அண்ணே" என்று கூப்பிடுபவர்கள். ஆள் சேர்த்துவிட்டால் ஆளுக்கு இருநூறு வெள்ளி கமிஷன் என்று விற்றவர் சொன்னார். மின்சாரக் கட்டணத்தில் ஒரு பகுதி அதில் தேறும் என்று கணக்குப் போட்டேன். ஆம், அப்போது எனக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டபோது தினமும் வரும் பங்கைத் திரையில் காட்டினேன். ரசீதைக் காட்டவில்லை. என்னிடம் ஒருவர் செய்ததை அப்படியே நான் அவர்களிடம் செய்தேன். ஒரு வித்தியாசம், நான் தெரிந்து செய்தேன். அவர்களில் ஒருவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

மீட்டருக்கு முன்னாலேயே கம்பி இழுத்துக் கொடுக்கும் ஆள் ஒருவரைப் பற்றியும் அப்போதுதான் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு என்று கேட்டேன். என்றைக்கு வரலாம் என்பதுவரை பேசினோம். என்னைத் தடுத்தது மனசாட்சி என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, உண்மை அதுவல்ல. அவர் கேட்ட முன்பணம் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். இந்த நாட்டில் பிட்காயின் தோண்டுவது குற்றமல்ல. மின்சாரத்தைத் திருடுவது 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி குற்றம். 2021 ஜூலையில் மிரியில் போலீஸார் 1,069 இயந்திரங்களை வரிசையாக அடுக்கி ரோடு உருளையை ஏற்றி நசுக்கினார்களே, அவையெல்லாம் திருட்டு மின்சாரத்தில் ஓடியவை. 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை இப்படித் திருடிய இடங்கள் 13,827 என்றும், மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்கு 4.6 பில்லியன் வெள்ளி நட்டம் என்றும் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணிக்கையைப் படித்தபோது, கையில் காசு இருந்திருந்தால் எங்கள் வீடும் அதில் ஒன்று என்று தோன்றியது. மரச் சட்டமும் தகரக் கூரையுமான பின்கட்டு, திருட்டுக் கம்பி, பக்கத்து அறையில் தூங்கும் அம்மா. தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரிகளில் நினைத்துப் பார்க்கிறேன்.

2022 கடைசியில் இரண்டையும் பழைய சாமான் விலைக்கு விற்றேன். அப்போது பிட்காயின் 17,000 டாலருக்கும் கீழே இருந்தது. பிறகு விலை பல மடங்கு ஏறியதைச் சொல்லி, "வச்சிருந்திருக்கலாமே" என்கிறார்கள் சிலர். விலை ஏறியபோது போட்டியும் ஏறியது, 2024இல் பரிசும் பாதியானது. என் எஸ்9 வீட்டு மின்சாரத்தில் ஓடி லாபம் தந்திருக்காது. இதை என் நட்டத்துக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. இன்னும் யாராவது அந்தப் பழைய மாடலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கமிஷனையும் சேர்த்து. ஐயாயிரம் போனதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்துப் பையனிடம் காசு வாங்கியதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவன் ஆத்தா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார்.

கோலசிலாங்கூரிலிருந்து கெர்லிங், காலும்பாங் வரை நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் உள்ள தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது இந்த இயந்திரத்தை விற்க வந்தால், எத்தனை வாட் என்று கேளுங்கள். காட்டும் வருமானம் எந்த மாதத்துடையது என்று கேளுங்கள். அவருடைய மின்சார ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேனா, உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் கேளுங்கள்.

மூவரில் இருவருக்குக் கமிஷனைத் திருப்பிக் கொடுத்து, என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சங்கிலியை அடகு வைத்தவருக்குக் கமிஷன் மட்டும் கொடுத்தால் போதாது. அந்தச் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. அதன் விலையை மாதாமாதம் கொடுத்து வருகிறேன், இன்னும் முடியவில்லை.